படி இல்லாத வாசல்

நெய்யாற்றின்கரைப் பழைய கடைத்தெருவில் அந்த முற்றத்துக் கட்டடத்தை வரைந்து கட்டி முடித்த வருடம், வானம் கறுத்தாலே எனக்குப் பயம்தான். ரப்பர் வெட்டுகிறவர்களை விட்டால், இந்தப் பக்கத்தில் மழை வேண்டாம் என்று நினைத்தது நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

எனக்கு ஊர் பாறசாலைக்குத் தெற்கே, கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும் என்கிற தூரத்தில். எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், சண்டை தமிழில் நடக்கும். உதியன்குளங்கரையில் ஒரு பேக்கரிக்கு மேலே அலுவலகம் வைத்திருக்கிறேன். வாசலில் ஆர்க்கிடெக்ட் என்று பலகை தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் இஞ்சினியர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்தித் திருத்திச் சலித்துப்போய் விட்டுவிட்டேன். கோபம் எனக்குச் சட்டென்று வரும்; அதையெல்லாம் இதற்குச் செலவழித்தால் கட்டுப்படியாகாது.

அந்த வீட்டுக்காரர்கள் அம்மா வழியில் எனக்குத் தூரத்து உறவு. மன்னர் காலத்தில் கணக்கெழுதிய குடும்பம். அந்தத் தலைமுறையில் இப்போது மிஞ்சியிருந்தவர்கள் மூன்று பேர். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியண்ணன். அதே தெருவில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் சின்னண்ணன். இருவருக்கும் நடுவில் பிறந்த அக்கா. அக்காவுக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் இரண்டும் போய்விட்டன. சக்கர நாற்காலியில் இருந்தபடி கையால் சுற்றும் மிஷினில் வக்கீல் கவுன் தைப்பாள். கோர்ட்டு பக்கத்திலேயே இருப்பதால் வேலைக்குக் குறைவில்லை. அக்கா தைத்த கவுன் தோளில் நிற்கிற மாதிரி வேறு யார் தைத்தாலும் நிற்காது என்று வக்கீல்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அது பற்றி அவளும் பேசமாட்டாள், நானும் கேட்கமாட்டேன்.

பழைய வீடு இடிந்துகொண்டிருந்தது. அண்ணன்மார் என்னிடம் கேட்டது, தெருப்பக்கம் கடைகள், மாடியில் வக்கீல்களுக்கு அறைகள், பின்னால் அவர்கள் இருவருக்கும் வீடு. நடுவில் இருந்த முற்றத்தை வைத்துக்கொள்ளலாம் என்றேன். கடைக்கும் காற்று வேண்டும், மாடிக்கும் வெளிச்சம் வேண்டும், தெரு வேறு கோயிலுக்குப் போகிற பழைய தெரு. பக்கத்து ஓட்டுக் கூரைகளைத் தாண்டி உயரக் கூடாது, தெருவுக்கு ஒரு பழைய முகம் இருக்கிறது, அதைக் கெடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். உயரம் குறைந்தால் இடம் குறையும். இடம் குறைந்தால் எல்லாருடைய கண்ணும் முற்றத்தின் மேல்தான் விழும். சின்னண்ணன் முதல் நாளே அதன் மேல் ஷீட் போட்டு கார் நிறுத்தலாம் என்று ஆரம்பித்துவிட்டார்.

வரைபடத்தை முதன்முதலாகக் கொண்டுபோன அன்று பஸ்ஸில் தனுவச்சபுரம் கல்லூரிப் பிள்ளைகள் ஏறி நெருக்கியடித்து, சுருட்டி வைத்திருந்த தாள் நடுவில் நசுங்கிவிட்டது. அந்தச் சிடுசிடுப்போடுதான் உள்ளே போனேன். அண்ணன்மார் கடை வாடகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள்.

"மக்கா, எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். எனக்க ரூமிலேருந்து முற்றத்துக்கு நானே எறங்கணும். ஒருத்தரையும் கூப்பிடப்பிடாது."

பழைய வீட்டில் அவள் அறைக்கும் முற்றத்துக்கும் நடுவே முழங்கால் உயரத்தில் படிகள் இருந்தன. கால் போனதிலிருந்து அந்தப் படியில் அவளை யாராவது தூக்கி இறக்க வேண்டும், பிறகு யாராவது தூக்கி ஏற்ற வேண்டும். கவுன் அளவு கொடுக்க வந்த வக்கீல்கள்கூடத் தூக்கியிருக்கிறார்கள்.

சின்னண்ணன் சிரித்தார். "ரெண்டு படி இருந்தா என்ன குறைஞ்சு போச்சு? தூக்கிவிட ஆளில்லியா? நாங்க இல்லியா?"

"உண்டு. நீ கடையில உண்டு. உனக்க பெண்டாட்டி அடுக்களையில உண்டு. கூப்பிட்டா வருவிய, நான் இல்லேண்ணு சொல்லல்ல. கூப்பிடணும் இல்லியா?"

அந்த இடத்திலேயே பேனாவை எடுத்து, அக்காவின் வாசலில் வரைந்திருந்த படிகளை அடித்தேன். அறைத் தரையும் முற்றத்துத் தரையும் ஒரே மட்டம். நடுவில் ஒரு கோடு மட்டும்.

அடித்தது சுலபம். படி இல்லாத வாசலில் அக்கா வெளியே போகலாம் என்றால் மழை உள்ளே வரலாம். இது எனக்குத் தெரியாததா? அந்த மனையில் நிலம் கோயில் தெருவிலிருந்து ஆற்றுப் பக்கமாக, தெற்கே சரிந்து இறங்கும். முற்றத்தின் தென்மூலையில் ஓவு வைத்தால், அதாவது மழைநீர் வெளியே போகிற துவாரம் வைத்தால், எவ்வளவு பெய்தாலும் தரைக்கடியில் ஓடிப் பின்பக்கத்துச் சந்துக்குப் போய்விடும். பழைய வீட்டில் அப்படி வைக்கவில்லை. தெற்கு யமனுடைய திசை, முற்றத்துத் தண்ணீர் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று யாரோ ஒரு காலத்தில் சொல்லி, ஓவைச் சுற்றி வளைத்துக் கிழக்கே கொண்டுபோயிருந்தார்கள். அதனால்தான் ஒவ்வொரு மழைக்கும் முற்றம் குளமாக நிற்கும். அதற்குப் பயந்துதான் அத்தனை உயரப் படி. இதைப் பெரியண்ணனுக்கு விளக்கினேன்.

பெரியண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோபமாக இருந்தால் என்னைப் பிள்ளே என்பார், சாந்தமாக இருந்தால் மக்கா என்பார். அன்று பிள்ளே.

"நான் ஒரு காரியம் சொல்லுதேன் கேளு பிள்ளே. வாசலை நீ சொல்லிய மாதிரி கெட்டு. ஓவை எங்க வேணுமெங்கிலும் வையி. எடவப்பாதி மழைக்கு அவளுக்க ரூமுக்குள்ள வெள்ளம் கேறினா, மறுநாள் படி கெட்டுவேன். முற்றத்துக்கு மேல ஷீட்டும் போடுவேன். பின்ன நீ வாய் தெறக்கப்பிடாது."

"கேறாது அண்ணா."

"கேறினா?"

"கேறினா படி கெட்டுங்க."

வாய்க்கொழுப்பு என்றால் இதுதான். அக்காவின் வாசலை நான் வைகாசி நடுவில் தொடங்குகிற எடவப்பாதி மழையின் மேல் பந்தயம் வைத்துவிட்டு வந்திருந்தேன். வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில்தான் அது உறைத்தது.

கட்டடம் பாதி எழும்பியிருந்தபோது பெரியண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். திரும்பி வந்தவர் பாதியாக இருந்தார். சத்தம் மட்டும் குறையவில்லை. அக்கா அவரை விட்டு நகரமாட்டாள். அவர் மாத்திரை சாப்பிட்டாரா, மாடி ஏறினாரா, சட்டைப் பொத்தானைப் போட்டாரா என்று மிஷினைச் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். அப்பா போன பிறகு அவளைச் சுமந்தவர் அவர்தான். இதை நான் வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவளை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்வந்தவர்.

வேலை முடிகிற சமயத்தில், அக்கா பகலில் தன் புது அறையில் மிஷினைப் போட்டுத் தைக்க ஆரம்பித்த பிறகு, புது வீடு புகும் பால்காய்ப்புக்கு நாள் பார்க்க ஜோசியர் ஒருவர் வந்தார். வந்தவர் நாளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். முற்றத்தைச் சுற்றி நடந்து, தென்மூலையில் ஓவின் மேல் வைத்திருந்த இரும்புக் கம்பி மூடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வெள்ளம் தெற்கே இறங்கினால் குடும்பத்து மூத்த ஆணின் ஆயுசுக்கு ஆகாது என்று சொன்னார். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் பெரியண்ணன் சிரித்தார்.

"எனக்க நெஞ்சை டாக்டர்மாரு திறந்து பாத்தாச்சு. உள்ள ஓவு ஒண்ணையும் காணல்ல. ஓய் நீரு நாளைச் சொல்லும்."

எல்லாரும் சிரித்தோம். அக்காவின் மிஷின் ஓசை மட்டும் நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு முன்பே குழாயைத் திறந்துவிட்டு ஓவைச் சோதித்துப் பார்த்திருந்தேன். முற்றம் நிறைய விட்ட தண்ணீர் கண் எதிரில் வடிந்து போயிற்று. சின்னண்ணன்கூட, "கொள்ளாமே" என்று மெச்சினார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை மாதம் அலைந்தேன். இனி மழை பெய்யட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். இருந்தாலும் அடிக்கடி வானத்தைப் பார்ப்பது நிற்கவில்லை.

பால்காய்ப்பு அன்று காலையில் வெயில் நன்றாக அடித்தது. புது அடுப்பில் பால் பொங்கியது. உறவுக்காரர்கள், வக்கீல்கள், கடைக்காரர்கள் என்று கூட்டம். முற்றத்தைச் சுற்றி எல்லா வராந்தாவுக்கும் படி உண்டு. கடைக்காரர்கள் சரக்கு நனையக் கூடாது என்று கேட்டு வாங்கிக்கொண்டது. படி இல்லாதது அக்காவின் வாசல் ஒன்றுதான். வந்தவர்கள் செருப்பை முற்றத்தில் கழற்றிவிட்டு வராந்தாவில் ஏறினார்கள். அக்கா அன்று புதுப்புடவை கட்டி, தன் வாசல் வழியே முற்றத்துக்கு உருண்டு போவதும் வருவதுமாக இருந்தாள். வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான். அதைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சாப்பாட்டில் போளிக்கு மேல் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது வெளிச்சம் போயிற்று. காற்று ஒன்று அடித்தது. பிறகு மழை. எடவத்து மழை முதல் நாள் அப்படித்தான் வரும், முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. நான் இலையை அப்படியே விட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

முற்றத்துத் தரை முதலில் மினுங்கியது. பிறகு மறைந்தது. நாலு கூரையிலிருந்தும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தென்மூலையில் சுழி விழும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சுழி விழவில்லை. கூட்டத்தின் செருப்புகள் ஒன்றொன்றாக மிதக்க ஆரம்பித்தன. யாரோ சிரித்துக்கொண்டே, "எனக்க செருப்பு போவுது, பிடியுங்க" என்றார்கள்.

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன். கம்பி மூடியைத் தூக்கி, தோள் வரை கையை உள்ளே விட்டேன். இலையோ குப்பையோ கையில் வரும் என்று நினைத்தேன். விரலில் பட்டது சிமெண்ட். சொரசொரவென்று, கெட்டியாக, புது சிமெண்ட்.

நிமிர்ந்தேன். அக்காவின் அறைக்குள் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மிஷின் மேசையின் கால்கள் தண்ணீருக்குள் நின்றன. கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்த கறுப்புத் துணி நனைந்து கனத்துத் தொங்கியது. அக்கா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வராந்தாவிலிருந்து பெரியண்ணன் குரல் வந்தது. "கேறாதுண்ணு சொன்னியே பிள்ளே. கேறியாச்சு. நாளைக்குப் படி கெட்ட ஆளு வரும்."

எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேராகச் சின்னண்ணனிடம் போனேன். முற்றத்தின் மேல் ஷீட் போட வேண்டும் என்று நின்றவர் வேறு யார்?

"ஓவை அடைச்சிருக்கிய. உள்ள சிமெண்டு போட்டிருக்கிய. ஒரு காருக்கு வேண்டி சொந்த அக்காவுக்க வாசலை அடைப்பியளா? நீங்க மனுசன்தானா?"

வக்கீல்கள், உறவுக்காரர்கள், கடைக்காரர்கள் எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் முகம் வெளிறிவிட்டது. "எனக்க பிள்ளைங்க மேல சத்தியமா நான் தொடல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"பின்ன ஆரு? சிமெண்டு தானா வந்து இருந்துச்சா?"

"அவனை ஏசாத மக்கா." அக்காவின் குரல் மழைக்கு மேல் தெளிவாகக் கேட்டது. "நானாக்கும் அடைச்சேன்."

மழை பெய்துகொண்டே இருந்தது.

"கொத்தனாரைக் கூப்பிட்டு நானாக்கும் அடைக்கச் சொன்னேன். நீங்க ஒருத்தரும் இல்லாத நேரம். வடக்கே ஒரு ஓட்டை போட்டா அதுவழி போவும்ணு சொன்னாரு. போட்டும் தந்தாரு. நான் அதை நம்பினேன்." வடக்கு உயரமான பக்கம். அங்கே எத்தனை ஓட்டை போட்டாலும் ஒரு சொட்டுப் போகாது.

"ஏன் அக்கா?" என்றேன்.

"அந்த ஜோசியரு சொன்னாருல்லியா. நீங்க ஒக்க சிரிச்சிய. எனக்குச் சிரிப்பு வரல்ல. அண்ணனுக்கு வல்லதும் வந்தா என்ன சொல்லுவாவ? இவளுக்கு எறங்க வேண்டியாக்கும் தெக்க ஓவு வச்சது, இவளாக்கும் அண்ணனைக் கொன்னதுண்ணு சொல்லுவாவ. நாட்டுக்காரு சொன்னா சொல்லட்டு. எனக்க மனசு சொல்லுமே. ராத்திரி படுத்தா அதையேதான் சொல்லுது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "படி கெட்டிக்கோ அண்ணா. எனக்கு இந்த வாசல் வேண்டாம். நீ இருந்தா போதும்."

கோபப்பட எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அவள் மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை. அழுகைதான் வந்தது. எத்தனை வருடம் ஆசைப்பட்ட வாசல். அதை அவளே அடைக்கச் சொல்லியிருக்கிறாள், அவளைத் தூக்கிச் சுமந்த ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று.

பெரியண்ணன் மாடிப்படிக்கு அடியில் போனார். வேலைக்காரர்கள் விட்டுப்போன கம்பிப்பாரை அங்கே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

"அண்ணா, வேண்டாம்!" அக்கா கத்தினாள். சின்னண்ணன் பாய்ந்து போய்ப் பாரையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு என்ன பைத்தியமா? கீறின நெஞ்சாக்கும். தா, நான் உடைக்குதேன்."

"நீ உடைச்சா சரியாவாது. முதல் அடி நான் அடிக்கணும். விடு."

விட்டார். பெரியண்ணன் பாரையை ஓவுக்குள் இறக்கினார். ஒரு அடி. இன்னொரு அடி. மூன்றாவதற்குக் கை தூக்க முடியவில்லை. சின்னண்ணன் வாங்கிக்கொண்டு வெறி பிடித்தவர் மாதிரி குத்தினார். நான் பக்கத்தில் முட்டி போட்டு உடைந்த சிமெண்டைக் கையால் அள்ளி வெளியே போட்டேன். நகம் பிய்ந்தது அப்போது தெரியவில்லை. கடைசிக் கட்டி உடைந்ததும் தரைக்கடியில் ஒரு பெரிய சத்தம் கேட்டது. தண்ணீர் இழுத்துக்கொண்டு தெற்கே போயிற்று.

பெரியண்ணன் நிமிர்ந்து வராந்தாவில் நின்ற எல்லாரையும் பார்த்தார்.

"இஞ்ச நிக்கிய எல்லாரும் கேட்டுக்கோங்க. இனி எனக்கு வல்லதும் வந்தா அது எனக்க நெஞ்சுக்க குற்றமாக்கும். அவளுக்க வாசலுக்கில்ல. இதை மாத்தி ஒருத்தரும் சொல்லப்பிடாது."

சொல்லி முடித்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஓவுக்குள் இருந்த கையை இழுக்கிறேன், உடைந்த சிமெண்டு விளிம்பில் மாட்டிக்கொண்டு வரவில்லை. சின்னண்ணன் பாரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வராந்தாவில் இருந்தவர்கள் புடவையையும் வேட்டியையும் தூக்கிக்கொண்டு, வழுக்குகிற படியில் ஒருவரை ஒருவர் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அக்கா வந்துவிட்டாள். நேராக அவள் வாசலிலிருந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, சக்கரத்தைக் கையால் தள்ளித் தள்ளி வந்து அவரிடம் குனிந்தாள். புதுப்புடவைத் தலைப்பை அவர் தலையில் போட்டு மூடினாள்.

"அண்ணா. அண்ணா. என்னைப் பாரு."

அவர் கண்ணைத் திறந்தார். "ஒண்ணுமில்ல. மூச்சாக்கும். இப்ப சரியாவும்." காரில் ஏற்றிக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இனி பாரையைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அது பிறகு. அந்த நிமிடத்தில் அவர் தலைக்கு மேல் இருந்த புடவையை விலக்கி, அக்காவைப் பார்த்தார், அவள் நாற்காலியைப் பார்த்தார். ஏதோ கணக்குத் தப்பிய மாதிரி சுற்றிலும் பார்த்தார்.

"உன்ன ஆரு எறக்கிவிட்டா?"

"ஆருமில்ல," என்றாள் அக்கா. "நானாக்கும் வந்தேன்."

அவர் அவளுக்குப் பின்னால் திரும்பி அந்த வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் வடிந்து தரை தெரிய ஆரம்பித்திருந்தது. மறுநாள் படி கட்ட யாரும் வரவில்லை.